பரங்கி பிரெட்டா, மஃபினா: மனம் கனத்த நாட்களில் எதைச் சுடுவது?

இரவைக்கூட எப்படியோ ஓட்டிவிடுவேன். அப்பா போன பிறகு எனக்குப் பெரும்பாடாக இருந்தது மாலை நான்கு மணிதான். பகல் வேலையெல்லாம் முடிந்திருக்கும். இருட்ட இன்னும் நேரம் இருக்கும். அவர் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து வருகிற நேரம் அது. வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும் என்றுதான் பரங்கி பிரெட் சுட ஆரம்பித்தேன். சில வாரம் வெட்டித் தின்னும் நீளமான ஒற்றை லோஃபாக, சில வாரம் குட்டிக் குட்டி மஃபினாக, அப்புறம் மறுபடி லோஃபாக. மாற்றி மாற்றிச் செய்ததில் ஒன்று புரிந்தது. இரண்டுக்கும் கலவை ஒன்றுதான். ஆனால் மனசு சரியில்லாத நாளில் இரண்டும் நம்மிடம் கேட்பது வேறு, நமக்குத் தருவதும் வேறு.

எது ருசி என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடலாம், இரண்டுமே ருசிதான். எந்த மாதிரி நாளுக்கு எது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது அப்படி ஒரு நாளில் இருப்பவர்களுக்காக, நான் யோசித்ததை எழுதுகிறேன்.

முதலில் கலவையைச் சொல்லிவிடுகிறேன். பரங்கி என்று நான் சொல்வது உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் மஞ்சள் பூசணியை. வெள்ளைப் பூசணி இதற்கு ஆகாது. 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள ஒரு லோஃப் டின்னுக்கோ, 12 குழி உள்ள ஒரு மஃபின் டிரேக்கோ இந்த அளவு சரியாக வரும்: மைதா 220 கிராம், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை 200 கிராம் (பாதி பிரவுன் சுகராக இருந்தால் நிறமும் மணமும் கூடும்), முட்டை 2, வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, பரங்கி விழுது 245 கிராம், தண்ணீரோ பாலோ 60 மில்லி. மசாலாவுக்குப் பட்டைத் தூள் ஒன்றரை டீஸ்பூன், சுக்குத் தூள் அரை, ஜாதிக்காய்த் தூள் அரை, கிராம்புத் தூள் கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு.

உலர்ந்த சாமான்களை ஒரு பாத்திரத்திலும் ஈரமானவற்றை இன்னொன்றிலும் கலந்து, இரண்டையும் சேர்த்து, மாவு கண்ணுக்கு மறைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாவு அடிக்கும் பீட்டர் வேண்டாம், பிசையவும் வேண்டாம். மனம் எங்கேயோ இருக்கிற நாளில் கை பாட்டுக்குக் கிளறிக்கொண்டே இருக்கும். அதில் மட்டும் கவனம் தேவை. அதிகம் கிளறினால் மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இழுபட்டு, வெந்த பிறகு ரப்பர் மாதிரி ஆகும். மஃபினில் இது உடனே தெரிந்துவிடும். மேல்பகுதி கூம்பு மாதிரி எழும்பி நிற்கும், உள்ளே புழு போன மாதிரி நீளத் துளைகள் இருக்கும். லோஃப் கொஞ்சம் தாங்கும்.

ஈஸ்ட் போட்டுப் பிசைகிற பிரெட்டை ஏன் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். பிசைவது சிலருக்கு ஆறுதல் தரும், உண்மைதான். ஆனால் அது பல மணி நேரம் நம்மைக் கட்டிப்போடும், நடுவில் எழுந்துபோய்ப் படுத்துவிட முடியாது. சோடாவோ பேக்கிங் பவுடரோ போட்டு உப்பவைக்கும் பிரெட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. பேக்கிங் பவுடர் வந்த கதையும் எனக்குப் பிடித்தமானது. 1843இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளுநர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவி சாப்பிட ஒரு ரொட்டி வேண்டும் என்றுதான் அதை உருவாக்கினார். வீட்டில் முடியாமல் இருந்த ஒருவருக்காக வந்த பொருள் அது.

அந்த ஒரு மணி நேரம்

லோஃப் 180 டிகிரி செல்சியஸில் 60 முதல் 70 நிமிடம் வேகும். மஃபினை 220 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, பிறகு 180க்குக் குறைத்து இன்னும் 15 நிமிடம் வைத்தால் போதும். இப்படிச் சீக்கிரம் வெந்துவிடுவதைத்தான் மஃபினின் பெரிய வசதியாகச் சொல்வார்கள். வேலைக்கு ஓடுகிற காலை நேரத்துக்கு அது சரி. நேரம் நகராமல் தவிக்கிறவருக்குச் சீக்கிரம் முடிந்து என்ன லாபம்? மஃபின் சுட்ட நாட்களில் நான்கு மணிக்கு ஆரம்பித்து நாலே முக்காலுக்கெல்லாம் பன்னிரண்டும் ரேக்கில் ஆறிக்கொண்டிருக்கும். நான் மறுபடி அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

லோஃப் அப்படி விடாது. முதல் 20 நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பாத்திரங்களைக் கழுவிவிடலாம். 25 நிமிடம் ஆகும்போது முதலில் பட்டை வாசனை வரும், அதன் பின்னால் வெந்த பரங்கியின் இனிப்பு வாசனை. அரை மணிக்கு மேல் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் போய் உட்காருவேன். ஓரமெல்லாம் வெந்து மங்கலாகியிருக்க, நடுவில் மட்டும் ஒரு நீளக்கோடு ஈரமாக மினுமினுக்கும். மேலே ஓடு இறுகிவிட்டது, உள்ளே இன்னும் உப்பிக்கொண்டிருக்கிறது. போக இடமில்லாமல் அந்தக் கோடு மெல்லப் பிளக்கும். பிளந்த இடத்தில் உள்ளிருக்கும் அடர்ந்த ஆரஞ்சு நிறம் தெரியும். நம் கண் முன்னால் ஏதோ ஒன்று தன் பாட்டுக்கு ஆகிக்கொண்டிருக்கிறது, அதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு அந்த நாட்களில் வேண்டியிருந்தது அதுதான்.

வாசனையைப் பற்றி ஒரு விஷயம். பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையில் தாலமஸ் என்ற பகுதியைத் தொட்டுக்கொண்டுதான் மற்ற இடங்களுக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சுற்று இல்லை. மூக்கிலிருந்து கிளம்பும் செய்தி ஆல்ஃபாக்டரி பல்ப் என்ற, வாசனைக்கான மூளைப் பகுதி வழியாக, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸும் அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. நாம் யோசிப்பதற்கு முன்பே ஒரு வாசனை நம்மை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவது இதனால்தான். லோஃப் சுட்டால் அந்த வாசனை ராத்திரி வரைக்கும் வீட்டில் தங்கும். மஃபினுக்கும் வாசனை உண்டு, ஆனால் வந்த சுருக்கில் போய்விடும்.

ஆனால் அதே வாசனை சிலரைக் குத்தவும் செய்யும். அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கிராம்பு கிடக்கும். முதல் சில வாரங்கள் நான் கிராம்பைச் சேர்க்கவே இல்லை. பட்டையும் சுக்கும் மட்டும் போட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு மசாலா இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இந்தப் பிரெட்டில் பட்டையைத் தவிர எதுவும் கட்டாயமில்லை.

மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்று, உற்சாகம் வரட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னக் காரியங்களை நேரம் குறித்துக்கொண்டு செய்யச் சொல்கிறது. 1970களில் பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த வழி அது. காரியம் முன்னால் போகும், மனசு பின்னால் வரும். நான்கு மணிக்கு ஓவனைப் போடுவது எனக்கு அப்படித்தான் உதவியது. அதற்காகப் பிரெட் சுடுவதை மருந்து என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நாள் முழுக்க ஒரே பாரமாக இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். மாவு எங்கேயும் போகாது.

உடம்பில் தெம்பு இல்லாத நாள்

சோகம் என்றால் மனசில் மட்டும் என்று நினைத்திருந்தேன். கால் அப்படிக் கனக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதிரி நாளில் எது சுலபம்? மஃபின் சின்னது, அதனால் வேலையும் கொஞ்சம் என்று தோன்றும். செய்து பார்த்தால் தலைகீழ். 12 பேப்பர் கப்பைப் பிரித்து எடுக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். 12 தடவை மாவை மொண்டு ஊற்ற வேண்டும், முக்கால் அளவுக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். குழிகளுக்கு நடுவே சிந்தியதைத் துடைக்காவிட்டால் அங்கேயே கருகிப்போகும். பேப்பர் இல்லாமல் செய்தால் டிரேயின் 12 குழியையும் தேய்த்துக் கழுவ வேண்டும். லோஃபுக்கு டின்னில் ஒரு பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் தொங்கும்படி போட்டு, மாவை ஒரே தடவையில் சாய்த்துவிட்டால் தீர்ந்தது. வெந்து ஆறியதும் அந்தப் பேப்பரைப் பிடித்துத் தூக்கினால் டின்னைக் கழுவக்கூட அதிகம் இருக்காது.

ஆக, நிற்கத் தெம்பில்லாத நாளுக்கு லோஃப். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கெட்டுப்போனால் தாங்குமா?

லோஃபின் ஆபத்து நடுவில் இருக்கிறது. ஒரு நாள் 65 நிமிடம் கழித்து எடுத்தேன். மேலே நல்ல பழுப்பு, நடுவில் அழகான வெடிப்பு. குச்சி குத்திப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது. ஓரமாகக் குத்தியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆறவைத்து வெட்டினால் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பிசுபிசுவென்று பச்சை மாவு. சாதாரண நாளாக இருந்தால் வெந்த ஓரத்தைத் தின்றுவிட்டு மீதியை மறந்திருப்பேன். அன்று சிங்க் பக்கத்தில் நின்று வெகு நேரம் அழுதேன். அது பிரெட்டுக்காக வந்த அழுகை இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் ஒரு மணி நேரம் காத்திருந்து இப்படி ஆனால், ஏற்கெனவே நொந்துபோயிருப்பவரை அது இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவிடும். மஃபின் இந்த மாதிரி ஏமாற்றாது. சின்னக் குழியில் சூடு நடுவரை சுலபமாகப் போய்விடுவதால் உள்ளே வேகாமல் போவது அபூர்வம்.

லோஃப் நடுவில் வேகாமல் போவதற்குப் பெரும்பாலும் பரங்கியின் தண்ணீர்தான் காரணம். பச்சைப் பரங்கியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை மேலும் தண்ணீர் ஊற்றி வேகவைத்து அரைத்தால் விழுது கூழாகிவிடும். ஆவியில் வேகவைப்பது கொஞ்சம் பரவாயில்லை. விதையை எடுத்துவிட்டு இரண்டாகப் பிளந்து ஓவனில் சுட்டால் இன்னும் நல்லது, தண்ணீர் வற்றும், இனிப்பும் ஏறும். அரைத்த விழுதை ஒரு மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடியவிடுங்கள், அல்லது வாணலியில் ஐந்தாறு நிமிடம் கிளறி வற்றவிடுங்கள். கரண்டியில் எடுத்தால் வழியாமல் குவியலாக நிற்க வேண்டும், அதுதான் பதம். டின்னில் வரும் பரங்கி விழுது ஏற்கெனவே இந்தக் கெட்டியில் இருக்கும். முடியாத நாளில் டின்னைத் திறப்பதில் எந்தக் குறையும் இல்லை. சர்க்கரையும் மசாலாவும் கலந்து வருவதும் உண்டு, அது வேண்டாம், வெறும் பரங்கி மட்டும் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வெந்துவிட்டதா என்று பார்க்கும்போது குச்சியை நட்டநடு வெடிப்பில், அடிவரை இறங்கும்படி குத்த வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். சின்ன ஓவன்களில் மேல் கம்பி லோஃபின் தலைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடும். 40 நிமிடம் ஆனதும் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே மூடினால் கருகாமல் தப்பும். மஃபின் உயரம் குறைவு என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. கையகல ஓவன் வைத்திருப்பவர்கள் முதல் தடவை மஃபின் செய்வதே நல்லது.

முட்டை சேர்க்காதவர்களுக்கும் என் யோசனை மஃபின்தான். இரண்டு முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் அரைக் கப் சேர்க்கலாம். ஆனால் முட்டை இல்லாத கலவைக்குப் பிடிமானம் குறைவு. உயரமான லோஃபில் நடு அமுங்கி அடைபட்டுப் போகும். மஃபினில் சுற்றிலும் சுவர் பக்கத்திலேயே இருப்பதால் நின்றுகொள்ளும்.

இன்னொரு விபத்து மறதியால் வருவது. துக்க காலத்து மறதி சாதாரண மறதி மாதிரி இல்லை, கையில் வைத்திருப்பதே நினைவில் இருக்காது. ஒரு தடவை எல்லாம் முடிந்து மேடையைத் துடைக்கும்போது பார்த்தேன், அளந்து வைத்த சோடா குட்டிக் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. ஓவனுக்குள் இருந்தது ஒரு செங்கல். அதற்குப் பிறகு எல்லாச் சாமானையும் அளந்து மேடையின் இடது பக்கம் வரிசையாக வைத்துவிடுவேன். போட்டது வலது பக்கம் போகும். இடது பக்கம் காலியான பிறகுதான் ஓவன் கதவைத் திறப்பேன். டைமரையும் அடுப்படியில் வைக்காமல் கூடவே எடுத்துக்கொண்டு போவேன். மறதி அதிகமாக இருக்கிற நாட்களில் 20 நிமிடம் மட்டும் ஓவன் எரியும் மஃபின் பாதுகாப்பானதும்கூட.

தின்பதும் கொடுப்பதும்

பசியே இல்லாத நாட்களில் ஒரு முழு மஃபின் பெரிய சாமான். பாதி தின்று வைத்தது தட்டில் கிடந்து மனசை உறுத்தும். லோஃபில் அந்தத் தொல்லை இல்லை. விரல் தடிமனில் ஒரு துண்டு வெட்டலாம், அதற்கும் குறைவாக வெட்டலாம். எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. மாறாக, சோகத்தில் கை பாட்டுக்குத் தின்றுகொண்டே போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு லோஃப் கொஞ்சம் ஆபத்து, அடுத்த துண்டு எப்போதும் தயாராகக் காத்திருக்கும். மஃபின் ஒன்று என்றால் ஒன்றோடு நிற்கும்.

எண்ணெய் சேர்த்த பிரெட் ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும், ஏனென்றால் வெண்ணெய் மாதிரி எண்ணெய் இறுகாது. லோஃப் சுட்ட அன்றைக்கைவிட மறுநாள்தான் நன்றாக இருக்கிறது. ஈரம் சமமாகப் பரவி, மசாலாக்களின் காரம் தணிந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இன்று சுட்டால் நாளைக்கு ஒன்று காத்திருக்கிறது என்பது அந்த நாட்களில் சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை. மஃபின் அன்றே தின்ன வேண்டியது. மேல் மொறுமொறுப்பு மறுநாள் ஈரத்தில் தளர்ந்துவிடும்.

எதைச் சுட்டாலும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாகக் கெட்டிப்பட்டு பிரெட் வறண்டுபோகும். நன்றாக மூடி வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும், வெக்கையான காலத்தில் அதைவிடக் குறைவு. மீதியை ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்கூடத் தாங்கும். மஃபினை அப்படியே பையில் போட்டு வைக்கலாம். லோஃபைத் துண்டு போட்டு, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது நமக்காகச் சுடுவதைப் பற்றி. துக்கத்தில் இருக்கும் இன்னொருவருக்குச் சுட்டுக்கொண்டு போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மஃபின்தான். அந்த வீட்டில் கத்தி தேட வேண்டாம், தட்டு எடுக்க வேண்டாம், வெட்டி யார் யாருக்கு என்று பகிர வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எழுந்து வருகிறவர் இருட்டிலேயே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மீதி அப்படியே ஃப்ரீசருக்குப் போகலாம். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டுப் போனார். பெல்லைக்கூட அடிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்கு இன்னும் நான் சரியாகச் சொல்லவில்லை.

மசாலா: தூளா, இடிப்பதா?

பரங்கிப் பண்டங்களுக்கென்றே கலந்து வரும் பம்ப்கின் ஸ்பைஸ் மசாலா புதிய சரக்கு இல்லை. அமெரிக்காவில் மெக்கார்மிக் என்ற மசாலா கம்பெனி 1934லேயே பம்ப்கின் பை ஸ்பைஸ் என்று விற்க ஆரம்பித்துவிட்டது. பட்டை, சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் ஒரே குப்பியில் இருப்பதால், நாலு டப்பா திறக்க முடியாத நாளுக்கு அது கைகொடுக்கும். இரண்டரை டீஸ்பூன் போட்டால் போதும்.

கொஞ்சம் தெம்பு இருக்கிற நாளில் முழு மசாலாவை நீங்களே பொடித்துப் பாருங்கள். பொடித்து வைத்த தூளில் மணம் நாளுக்கு நாள் போய்க்கொண்டே இருக்கும், முழுசாக இருக்கும்போது அது உள்ளேயே தங்கியிருக்கும். ஜாதிக்காய் ஒன்றை எடுத்துச் சின்னத் துருவியில் நாலு இழுப்பு இழுத்தால், வெட்டுமுகத்தில் பழுப்பு நரம்புகள் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள் மாதிரி தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கோலம் மாறும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றுகிறது.

பட்டையில் இரண்டு வகை. தாள் மாதிரி மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினாலே உடைவது ஒன்று. தடித்து, ஒற்றைச் சுருளாக, கெட்டியாக இருக்கும் கசியா இன்னொன்று. கசியாவின் காரம் தூக்கலானது, ஒரு மணி நேரச் சூட்டிலும் மங்காமல் நிற்கும், அதனால் லோஃபுக்கு அது போதும். சீக்கிரம் வேகும் மஃபினில் மெல்லிய பட்டையின் நளினம் தெரியும். கையில் இருப்பதை வைத்துச் செய்யுங்கள், இதற்காகக் கடைக்கு அலைய வேண்டாம்.

என் முடிவு என்ன என்றால், பெரும்பாலான நாட்களுக்கு லோஃப்தான். வேலை குறைவு, நேரம் நீளம், வாசனை தங்கும், நாளைக்கும் இருக்கும். இரண்டு சமயத்தில் மட்டும் மஃபினுக்கு மாறுவேன். ஒன்று, இன்னொருவருக்காகச் சுடும்போது. மற்றது, எல்லாம் புதிதாக இருக்கிற முதல் சில வாரங்களில். அப்போது ஒரு மணி நேரம் எதையும் நம்பிக் காத்திருக்க முடியாது, சின்னத் தோல்வியைக்கூடத் தாங்க முடியாது. அந்த வாரங்களில் அளவைப் பாதியாக்கி ஆறு மஃபின் மட்டும் சுடுங்கள். ஒரு முட்டை, அரை டீஸ்பூன் சோடா, எல்லாம் அப்படியே பாதி. கால் மணி நேரத்தில் எல்லாம் கலந்துவிடும், 20 நிமிடத்தில் வெந்துவிடும், அது போதும் அன்றைக்கு.

நான் கிராம்பைத் திரும்பச் சேர்த்தது நாலு மாதம் கழித்து. இரண்டே இரண்டு கிராம்பு, அம்மியில் வைத்து நுணுக்கிப் போட்டேன். ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வெடிப்பு விழுந்த கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. எழுந்து போய்விடவில்லை. டைமர் அடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

நாளைக்குச் சுடுவதாக இருந்தால், வீட்டில் உறையவைத்த விழுது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் இன்று இரவே அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிடுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டால், மாலை நான்கு மணிக்குச் சரியான பதத்தில் இருக்கும்.